பின்வாசல் பார்ட்டி

டிசம்பர் 1, திங்கள்

மழை விடவில்லை. தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவு நூல் ஒட்டிக்கொள்கிறது என்று காலையிலிருந்து என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே இருக்கிறார். முனகட்டும். எனக்கு வேறு யோசனை.

போன வாரம் ஓரிக்கையில் முதலாளி பேத்திக்கு முதல் பிறந்தநாள். பண்ணை வீட்டுப் புல்தரையில் வைத்தார்கள். கார்டிலேயே ‘கார்டன் பார்ட்டி’ என்று போட்டிருந்தது. மரமெல்லாம் சீரியல் பல்பு. தட்டை எடுத்துக்கொண்டு யார் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பந்தி கிடையாது. பந்தி என்று ஒன்று இருந்தால்தானே யார் முதலில், யார் பக்கத்தில் யார் என்கிற வம்பெல்லாம்? முன்பின் தெரியாத ஒரு அம்மாவோடு மாமரத்தடியில் அரைமணி நேரம் நின்று பேசினேன். என்ன ஆட்கள் நீங்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அதே நினைப்பு. எங்கள் வீட்டுக்கும் தோட்டம் இருக்கிறது. புல்தரை இல்லை, சரி. கிணறு, முருங்கை, இரண்டு தென்னை, வாழை, மதில் ஓரம் நந்தியாவட்டை. நாற்பது பேர் தாராளமாக நிற்கலாம்.

எங்கள் மகள் மஹா போன வைகாசியில் தென்னேரிப் பையன் பாண்டியனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். அவர்கள் பயிர் வைக்கிறவர்கள், நாங்கள் நெய்கிறவர்கள். அவ்வளவுதான் குற்றம். அன்றைக்கு இவர் சொன்னார்: “இனிமே அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது.” தலைதீபாவளிக்கும் கூப்பிடவில்லை. மகளுக்கென்று சுட்ட அதிரசத்தை எல்லாம் பக்கத்து வீட்டுக் காவேரிக்குத் தூக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து பாத்திரம் தேய்த்தேன். அழுதேனா? ஆமாம், அழுதேன். இனி அழுவதாக இல்லை.

வாசப்படி என்றுதானே சொன்னார். தோட்டத்துக்குப் பின்பக்கம் தனி கேட் இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். விளக்கேற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். தறியில் உட்கார்ந்திருக்கும்போது. அப்போதுதான் அவர் எழுந்து போக முடியாது. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் அவர் நெய்தால், கரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நூல் நாடாவைத் தள்ள ஓர் ஆள். முன்பு மஹா உட்காருவாள். அவள் போன பிறகு நான்.

“பத்தொம்பதாம் தேதி அமாவாசை. தோட்டத்துல ஒரு பார்ட்டி வெக்கிறேன்.”

“இன்னாத்துக்கு?”

“மஹா வர்றா. மாப்பிள்ள வர்றாரு. அவங்கம்மா வர்றாங்க.”

நாடா நின்றது. “நான் சொன்னது ஞாபகம் இருக்குதா இல்லியா?”

“வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்க. மிதிக்க மாட்டா. பின்கேட்டால வருவா, அப்படியே போயிடுவா.”

“மார்கழில எவனாவது விசேஷம் வெப்பானா?”

“இது விசேஷம் இல்லீங்க, பார்ட்டி. பார்ட்டிக்கு மார்கழி கெடையாது.”

“பின்சந்து பூரா சேறு.”

“சேறுதான்.”

“அப்ப சேத்துலயே வரட்டும்!”

கோபத்தில் சொன்னதுதான். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து, “நீ பார்ட்டி வெச்சிக்கினு இரு. நான் அன்னிக்கு தறில உக்காந்து நெய்வேன்” என்றார்.

“அமாவாசைலியா? தெருவே சிரிக்கும். அதுவுமில்லாம கோர்வைக்கு யாரு ஆளு?”

நாடாவை இந்தப் பக்கம் சற்று வேகமாகத் தள்ளினேன்.

டிசம்பர் 6, சனி

மங்கையர்க்கரசி அண்ணி வந்தார். இவருடைய அக்கா. நாலு வீடு தள்ளி இருக்கிறார். தம்பி போய்ச் சொல்லியிருப்பார், வேறென்ன.

“ஊரே சிரிக்கும் கமலா.”

“சிரிக்கிறவங்களுக்கும் தட்டு வெச்சிருக்கேன் அண்ணி. நீங்களும் வாங்க.”

காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். காப்பி வீணாகவில்லை, நான் குடித்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மஹா போன் செய்தாள். “அம்மா, எங்க மாமியாரு வரலையாம். அமாவாசைல அவங்க வெளிய எங்கியும் கை நனைக்க மாட்டாங்க. மாமா போன பெறகு விரதம். படைச்சி, காக்கா எடுத்தப்புறம் அவங்க வீட்ல சாப்புடுவாங்க, அவ்ளோதான். ஏம்மா அமாவாசைல போய் வெச்ச?”

ஏன் வைத்தேன்? எங்களுக்கு அமாவாசை என்றால் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஊர் தூங்கும், எங்கள் தெருவில் தறி ஓடும். அமாவாசைக்குத்தான் தறிக்கு ஓய்வு. ஆஸ்பத்திரி, சினிமா, சங்கத்துக் கூட்டம், எல்லாம் அன்றைக்கு. நாங்களும் படைக்கிறோம், காக்கைக்கு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பொழுதுக்கு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். தேதி யோசிக்கும்போது கை தானாகக் காலண்டரில் அந்தக் கறுப்பு வட்டத்துக்குத்தான் போயிற்று. உலகத்தில் எல்லாரும் தறிக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன்.

தெருவில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. “ஞாயித்துக்கெழமைக்கு மாத்திடும்மா” என்கிறாள் மஹா. மாற்றினால் இவருக்கு என்ன சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை மாற்றினால் அப்புறம் தை பிறக்கட்டும், பொங்கல் கழியட்டும் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்த அம்மா சொல்வது நிஜமா, சாக்கா? சண்டை இருக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அமாவாசையைச் சொல்கிறாரோ?

மாற்ற மாட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

தென்னேரிக்குப் போய் வந்தேன். இவரிடம், “வாலாஜாபாத் வரைக்கும் போறேன்” என்றேன். பொய் இல்லை. வாலாஜாபாத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏரி ததும்ப நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் ஏரியையே பார்க்காமல் போன் பார்த்துக்கொண்டு வந்தாள். மஹாவின் மாமியார் பொன்னியம்மாளை நான் நேரில் பார்த்ததே இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் போகவில்லை, போக விடவில்லை.

மஹா வேலைக்குப் போயிருந்தாள். நல்லதுதான். அவள் இருந்தால் நான் குழறியிருப்பேன்.

பொன்னியம்மாள் நல்ல உயரம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

“அமாவாசைங்கறது ஒண்ணும்மா. அது சாக்கு இல்ல, நெஜம்தான். இன்னொண்ணும் இருக்குது, மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன். எம்புள்ள இன்னா திருடனா, பின்வாசல் வழியா வர்றதுக்கு?”

பஸ்ஸில் யோசித்து வைத்த பதிலெல்லாம் அமாவாசைக்கு. அந்த அம்மா கேட்டது நியாயம். என் கெட்டிக்காரத்தனத்தில் மாப்பிள்ளையின் மானத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அப்புறம் வாய் தானாகப் பேசிற்று. “நானும் அன்னிக்கி பின்வாசல்லதாங்க நிப்பேன். வாழமரம் அங்கதான் கட்டுவேன். சந்தனம், பன்னீர் அங்கதான். தெருவுல எல்லாரும், எங்க நாத்தனார் உள்பட, அந்த வழியாத்தான் வரணும். முன்கதவப் பூட்டி சாவிய நான் வெச்சிக்கிறேன். எது வாசல்னு நான்தானே சொல்லணும்? அந்த வீட்டுக்காரி நான்.”

ஏற இறங்கப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரரு ஒத்துக்கினாரா?”

“இல்ல.”

சிரித்துவிட்டார். பல் தெரிய, குலுங்கிக் குலுங்கி. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் பேச்சு ‘நீ’ என்று மாறிவிட்டது.

“அடுப்பு ஒண்ணு போட்டுக் குடு. என் அரிசி, என் பருப்பு. பதினோரு மணிக்கெல்லாம் வந்து நானே பொங்கி, எங்கூட்டுக்காரருக்கு அங்கியே படைச்சிடறேன். காக்கா எடுத்துச்சின்னா சாப்புடுவேன்.”

“எடுக்கலன்னா?”

“பட்டினியா எழுந்து வந்துடுவேன். ஒம்மேல கோவம் கெடையாது.”

ஆக, சாயங்காலப் பார்ட்டி மத்தியானப் பார்ட்டி ஆகிவிட்டது. எல்லாம் ஒரு காக்கை கையில். வாயில்.

டிசம்பர் 14, ஞாயிறு

சீரியல் பல்பு வாங்கிவிட்டேன். பட்டப்பகலில் எதற்கு என்கிறாள் காவேரி. எரியட்டுமே, யாருக்கு என்ன?

டிசம்பர் 18, வியாழன்

மழை நின்றும் சந்து காயவில்லை. காவேரியும் நானும் செங்கல்லை ஒவ்வொன்றாகப் போட்டு, கேட்டிலிருந்து சந்து முனை வரை வழி செய்தோம். இவர் பின்கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். கை கொடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. கொடுக்கவும் இல்லை. “அந்தக் கல்லு ஆடுது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆடத்தான் செய்தது. மாற்றிப் போட்டேன்.

வாழை எங்கள் தோட்டத்து வாழையே. குலை தள்ளியதாகப் பார்த்து இரண்டு வெட்டினேன். கேட்டின் இரண்டு பக்கமும் கட்டியாகிவிட்டது. அமாவாசைக்குக் கோலம் கூடாது, இல்லையென்றால் சந்து நெடுகப் போட்டிருப்பேன்.

ஒருவரும் வராவிட்டால்? மஹாவே வராவிட்டால்? கேட்டுக்கொள்ளக் கூடாத கேள்விகள். இட்லிக்கு அரைத்து வைத்தாயிற்று. இஞ்சி, மிளகு, சீரகம் போட்ட கோயில் இட்லி. வராவிட்டால் நானும் காவேரியும் ஒரு வாரம் தின்போம்.

டிசம்பர் 19, வெள்ளி, அமாவாசை

எதிலிருந்து எழுதுவது?

காலையிலேயே முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். “நான் வெளிய போணும்” என்றார். “பின்னால வழி இருக்குதுங்க” என்றேன். போகவில்லை. நாற்காலியைத் தறிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் காவேரி. அப்புறம் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேராக, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கல் மேல் கால் வைத்து, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு. பாதிப் பேர் வம்புக்கு வந்தவர்கள். வரட்டும், சந்தனம் எல்லாருக்கும் ஒன்றுதான். மங்கை அண்ணி முன்கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். “பின்னால வாங்க அண்ணி!” என்று இங்கிருந்தே கத்தினேன். கணுக்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார்.

“நான் வேடிக்க பாக்கத்தான் வந்தேன். சாப்புட இல்ல.”

“பாருங்க அண்ணி. நாற்காலி போடறேன்.”

அப்புறம் மஹா.

அவளைப் பார்த்து ஏழு மாசம். சந்து முனையிலேயே தெரிந்துவிட்டது, அந்த நடை. பொன்னியம்மாள் முன்னால், பாண்டியன் தோளில் அரிசி மூட்டை, அவள் கடைசியில். வாழைமரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதுவிட்டாள். நான் அழவில்லை. பன்னீர்ச் செம்பை அவள் தலைக்கு மேல் கவிழ்க்கிற மாதிரி தெளித்துவிட்டேன். “போதும்மா, நனைஞ்சிட்டேன்” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

பாண்டியன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். “அத்தே, பல்பு ஒரு பக்கம் எரியல” என்று முருங்கையில் ஏறப் போனான். முருங்கை முறியும், இறங்குப்பா என்றேன். ஒயரை எங்கேயோ திருகினான். பட்டப்பகலில் பளபளவென்று எரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

கிணற்றடியில் அடுப்பு மூட்டி, பொன்னியம்மாள் சோறும் பூசணிக்காய்க் குழம்பும் வாழைக்காயும் செய்தார். யாரையும் கிட்டே விடவில்லை. இலை போட்டு, கணவரை நினைத்துக் கும்பிட்டு, ஒரு பிடி எடுத்து மதில் மேல் வைத்தார். ஒரே ஒரு குரல்தான் கொடுத்தார். தென்னையிலிருந்து இரண்டு காக்கை இறங்கின. சோற்றைக் கொத்தி எடுத்தன. அந்த அம்மா என் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் தட்டிலிருந்து கோயில் இட்லியும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது.

இவர். ஈரத்தலை, வேட்டி, கையில் படையல் இலை. மறந்தே போனேன். மாமனாருக்குப் படைத்ததைக் காக்கைக்கு வைப்பதும் அதே மதில்தான், அதே கிணற்றோரம். வேறு இடத்தில் வைக்க மாட்டார். காக்கை எடுக்காமல் சாப்பிடவும் மாட்டார். யாரையும் பார்க்காமல் எல்லார் நடுவிலும் நடந்து வந்து இலையை வைத்தார்.

“கா... கா...”

வரவில்லை. தென்னேரி அரிசியைத் தின்றுவிட்டு, மேலே மட்டையில் உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தன. இவர் குரலுக்குக் காக்கை எப்போதுமே சட்டென்று வராது. ஆறு வயதிலிருந்து மஹாதான் கூப்பிடுவாள். அவள் போன பிறகு ஒவ்வொரு அமாவாசையும் இதே கதை. இலையும் கையுமாக வெயிலில் நிற்பார், நான் உள்ளேயிருந்து பார்ப்பேன்.

“கா...”

“எங்கப்பா கோவமா இருக்காரு. எடுக்க மாட்டாரு” என்றார் மங்கை அண்ணி, எல்லார் காதிலும் விழும்படி.

எனக்கு வந்ததே ஆத்திரம். “யார் மேல கோவம்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. பயிர் வெக்கிறவங்க மேலயா? இல்ல, பெத்த பொண்ண வீட்டுக்குள்ள விடாதவங்க மேலயா?”

சொல்லிவிட்டேன். அவர் எதிரிலேயே. திரும்பக்கூட இல்லை அவர். முதுகு மட்டும் தெரிந்தது.

மஹா தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போய் அவருக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்று, வேகமாக மூன்று தடவை கூப்பிட்டாள். அதே பழைய குரல். மட்டையிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. சோற்றைக் கொத்திக்கொண்டு போயிற்று.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் இவர் என்னிடம் சொன்னார்: “வந்தவங்களுக்கெல்லாம் போடு. பசியோட நிக்கிறாங்க.” உள்ளே போய்விட்டார்.

அவருக்கு இலை போட்டேன். பூசணிக்காய்க் குழம்பையும் ஊற்றினேன்.

“இன்னிக்கி உப்பு சரியா இருக்குதே.”

கல்யாணமான நாளிலிருந்து என் குழம்புக்கு அவர் சொல்லாத வார்த்தை. “தென்னேரி அம்மா வெச்சது” என்றேன்.

கை நின்றது. இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். எழுந்தால் எழட்டும், நான் கெஞ்சப் போவதில்லை. எழவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் இலையை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்கவில்லை, அது வேறு விஷயம். கை நனைத்துவிட்டார்.

மஹா உள்ளே வரவில்லை. பின்கதவு வரை வந்து, எட்டித் தறியைப் பார்த்துவிட்டுப் போனாள். மங்கை அண்ணி கோயில் இட்லி நாலு சாப்பிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டேதான்.

டிசம்பர் 20, சனி

மத்தியானம் என் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “உப்பு” என்றார். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்றேன்.

டிசம்பர் 29, திங்கள்

செங்கல்லை எடுத்து அடுக்கலாம் என்று பின்னால் போனேன். ஏற்கெனவே மதிலோரம் அடுக்கியிருந்தது. நான் அடுக்கவில்லை, காவேரியும் இல்லையாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்.

ஜனவரி 14, புதன், போகி

தலைப்பொங்கல் சீர். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை. இந்தத் தடவை வாலாஜாபாத் என்று சொல்லவில்லை. தென்னேரி போகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். “கரும்பு நல்லதா பாத்து வாங்கினியா?” என்றார். பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். சீர் வரிசைக்கு அவர் வரவில்லை. நானும் வாங்க என்று கூப்பிடவில்லை. இவ்வளவு நாள் என் மகளை வெளியே நிற்க வைத்தவரை நான் மட்டும் தாங்க வேண்டுமா?

ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை

காலையில் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே, “அவள வரச் சொல்லு” என்றார்.

“எவள?”

“காக்காய்க்கு வெக்கணும்ல. என் கொரலுக்கு அதுங்க வர மாட்டேங்குதுங்க.”

நான் சும்மா விடுவேனா? “சரிங்க. பின்கேட்டத் தெறந்து வெக்கட்டா?”

துண்டுக்குள்ளிருந்து முகம் வெளியே வரவே இல்லை. “வேணா. பின்சந்து சேறா இருக்குது.”

மழை விட்டு எத்தனையோ நாளாகிறது. சந்தில் புழுதி பறக்கிறது; காவேரி அங்கேதான் வடகம் காயப்போட்டிருக்கிறாள்.

“ஆமாங்க, ஒரே சேறு” என்றேன்.

முன்கதவில் எப்போதும் சாத்தியே இருக்கும் இரண்டாவது பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டு, மஹாவுக்குப் போன் போட்டேன்.